காரணம் எழுதாமல் வந்த மாற்றம்

தொண்ணூறுகளின் கடைசி அது. சிட்லபாக்கத்தில் குடியிருந்தேன், தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மீதி நேரத்தில், முகம் தெரியாத சிலரோடு சேர்ந்து, தமிழில் டைப் செய்வதற்கான ஒரு சாஃப்ட்வேரை உருவாக்கிக்கொண்டிருந்தோம். இலவசம்தான். யார் வேண்டுமானாலும் அதன் நிரலை எடுத்துத் திருத்தி அனுப்பலாம்.

எல்லாரும் ஒரே ஃபைலில் கை வைத்தால் குழப்பம் வராதா? அதனால் பங்களிப்பவர்களுக்கு விதிமுறைகள் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. வேலையைத் தொடங்குமுன் கடைசிப் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள் என்றெல்லாம் எழுதிவைத்தேன்.

அந்த ஒரு வரியை எழுதத்தான் எல்லாருக்கும் சோம்பல். செம்பாக்கத்து இளைஞன் ஒருவன் மட்டும் தவறாமல் எழுதுவான். மொபெட்டில் போனால் பத்து நிமிடம்தான், ஆனாலும் நாங்கள் சந்தித்ததில்லை. எல்லாம் மெயிலில்தான்.

திடீரென்று அவனிடமிருந்து பேச்சே இல்லை. வேலையை எப்போது முடிப்பாய் என்று கொஞ்சம் கடுமையாகவே மெயில் போட்டேன். பதில் வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை காலை அவனுடைய மாற்றம் ஒன்று வந்தது. திறந்து பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுத்து வடிவங்களுக்கான முக்கியமான ஃபைல் மொத்தமும் காலி. காரணம் எழுதவேண்டிய இடமும் காலி. என் மேல் உள்ள கோபத்தில் அழித்துவிட்டான் என்றே நினைத்தேன்.

முகவரி இருந்தது. நேரில் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். கதவைத் திறந்தது அவனுடைய அக்கா. அவன் பெயரைச் சொல்லி, இருக்கிறானா என்றேன்.

"தம்பி இல்லீங்க மேடம். மஞ்சக்காமாலை. போன வாரந்தான் காரியம் முடிஞ்சுது."

திட்டுவதற்காக வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் வாயிலேயே நின்றுவிட்டன. அவள்தான் என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எதற்காக வந்தேன் என்று மெல்லச் சொன்னதும் அவள் முகம் வெளுத்தது.

"நான்தான் மேடம் கை வெச்சேன். கம்ப்யூட்டரை அவன் ஆபீஸ்ல திருப்பிக் கேக்குறாங்க. அதுக்குள்ள அவன் செஞ்சதை ஃப்ளாப்பில எடுத்து வெச்சுக்கலாம்னு பார்த்தேன். என்னமோ அழுத்திட்டேன், எல்லாம் காணாமப் போயிடுச்சு. வேலை முடிஞ்சதும் அவன் ஒண்ணு அழுத்துவான். அத அழுத்தினா திரும்பி வந்துடும்னு நெனச்சேன். மொத்தமும் போயிடுச்சா?"

அவள் அழுத்தியது, மாற்றங்களை எங்களுக்கு அனுப்பிவைக்கும் கட்டளை.

"எதுவும் போகலைம்மா. பழசெல்லாம் எங்க கம்ப்யூட்டர்ல அப்படியே இருக்கு" என்றேன். அவள் நம்பவில்லை. அவனுடைய கம்ப்யூட்டரிலேயே மோடத்தைப் போட்டு, அந்த ஃபைலை முந்தைய நிலைக்குக் கொண்டுவந்து காட்டினேன். பிறகு, அவன் செய்த மாற்றங்களையும் காரணங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். மெய்யெழுத்தின் புள்ளி விழவில்லை, சரிசெய்தேன். கொம்பு தள்ளி நின்றது, நெருக்கினேன். அடுத்த வரி இப்படி இருந்தது: "அக்காவுக்கு இந்த அளவில் எழுத்து தெரியவில்லை. கண்ணாடியும் வாங்கிக்கொள்ள மாட்டாள். பெரிதாக்கினேன்."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு என் அருகில் உட்கார்ந்தாள். "எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றாள். பிறகு, "இன்னொரு தடவை படிங்க மேடம்."

அந்த வரியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். விதிப்படி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அத்தனை நாள் சேர்ந்து வேலை செய்த ஒருவன் இறந்துபோனதை, ஒரு ஃபைல் காலியானதால்தான் தெரிந்துகொண்டேன் என்பது இன்றும் என்னை உலுக்குகிறது. இப்போதெல்லாம் யாரிடமிருந்தாவது பதில் வரவில்லையென்றால், வேலை என்னாயிற்று என்று கேட்பதற்கு முன் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிடுகிறேன்.