இடப்பக்கம் இழுத்த கார்

டீவி கேமில் கார் ஓட்டிப் பழகினால் ரோட்டிலும் கார் ஓட்டலாம் என்று நான் நம்பினேன். சின்னப் பிள்ளை நம்பினால் பரவாயில்லை. எனக்கு அப்போது முப்பது வயதுக்குப் பக்கம். கல்யாணம் முடிந்தவன், தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளி, மீசை வேறு. இத்தனையும் வைத்துக்கொண்டு நம்பினேன். யாராவது சந்தேகப்பட்டால் கோபம் கூட வந்தது.

எங்களுடையது கஹவத்தைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். விடிவதற்கு முன்னால் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓடாது என்பதால் இருட்டோடு இருட்டாக மரத்துக்கு மரம் ஓடி வெட்ட வேண்டும். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு அதே மரங்களைத் திரும்பவும் சுற்றிச் சிரட்டையில் இறங்கியதைச் சேர்க்க வேண்டும். பால் நிறுக்கிற கொட்டகைக்கு வந்து சேரும்போது முழங்கால் இரண்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கிய மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் கொட்டகை வாசலில் ட்ரெக்டர் நிற்கும். அதன் மேல் டைவர் மாத்தயா, சிங்களத்தில் டைவர் ஐயா, வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்து செய்கிற வேலை என்று ஒன்று உலகத்தில் இருப்பதை நான் அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. வருசக் கடைசியோடு நின்று ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். நான் தோட்டத்து மேனேஜரான தொரையின் முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றேன்.

"தைப் பொங்கலுக்கு முந்தி லைசன் கொண்டாந்து காட்டு. ட்ரெக்டர் ஒனக்கு" என்றார் தொரை. "அதுவரைக்கும் அதுல கை வச்சேன்னு கேள்விப்பட்டேன், பால் வெட்டுற வேலையும் கெடையாது." முன்பு ஒருத்தன் லைசன் இல்லாமல் ட்ரெக்டரை எடுத்துத் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறக்கியதிலிருந்து அப்படி ஒரு சட்டம்.

டைவர் வேலை கிடைத்தால் ரப்பர் ஷீட் அடிக்கிற ஸ்டோருக்குப் பக்கத்தில் தனி வீடு கிடைக்கும். இரண்டு அறை, வாசலிலேயே தண்ணீர்ப் பைப். ஆனால் என் வீட்டுக்காரி கணக்குப் பார்த்தது வேறு. அவள் அந்த வருசம்தான் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தாள். ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் அதற்குள் இரண்டு தரம், ஓர் அறைக் காம்பராக்கள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்துக்கு வந்து, பழைய மேடமே திரும்பக் கேட்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நீங்க டைவரானா நான் போகல" என்றாள். "இல்லாட்டிப் போறேன். ஒழுகுற காம்பராவுல சட்டிய வச்சு வச்சு எனக்கு அலுத்துப்போச்சு."

அவள் போனால் இரண்டு வருசம். முதல் தடவை போனபோது நான் எப்படி இருந்தேன் என்று பக்கத்துக் காம்பரா மாமாவைக் கேட்டால் சொல்வார். சோற்றில் உப்புப் போட்டேனா என்று நினைவில்லாமல் இரண்டு தரம் போட்டு, அதையும் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட ஆள் நான்.

அவள் கொண்டுவந்த சாமான்களில்தான் அந்த டீவி கேம் இருந்தது. மேடத்தின் பிள்ளைகள் விளையாடிச் சலித்து ஒதுக்கியது. மஞ்சளாகிப்போன ஒரு பெட்டி, வயரில் தொங்கும் கைப்பிடி ஒன்று, சொருகுகிற கெசட் மூன்று. ஒன்றில் பந்தடி, ஒன்றில் டெனிஸ், ஒன்றில் கார் ரேஸ். கார் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ரோடு நம்மைப் பார்த்து ஓடிவரும், வளையும், மலை மாதிரி ஒன்று தூரத்தில் நகரும். கைப்பிடியில் அம்புக்குறிப் பட்டனை இடமும் வலமும் அழுத்தினால் கார் திரும்பும்.

மழை பெய்தால் மரம் நனைந்து பால் வெட்ட முடியாது. எங்கள் பக்கம் மழைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. அந்த வருசம் மழை வந்த காலையெல்லாம் மற்றவர்கள் பேர் விழவில்லையே, அன்றைய கூலி போச்சே என்று வானத்தைத் திட்டினார்கள். நான் டீவிக்கு முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வேன்.

"என்ன மருமகனே, சோம்பேறியாப் போயிட்டீங்க" என்பார் மாமா, கதவுக்கு வெளியே நின்று.

"லேனிங் மாமா, கார் பழகுறேன்."

"ஓ, டைவர் மாத்தயாவா! டேய், வழிய விடுங்கடா, சாக்கு மேல பஸ்ஸு வருது!"

லயம் முழுக்கச் சிரிக்கும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. ரோட்டில் கவனம் வேண்டாமா?

யோசித்துப் பார்த்தால் அதில் எல்லாம் இருந்தது என்றுதான் எனக்குப் பட்டது. வளைவு, எதிரே வண்டி, வேகத்தைக் குறைப்பது, கூட்டுவது. இல்லாதவை எவை என்று அப்போது தோன்றவில்லை. ஹோன் இல்லை. ரிவர்ஸ் இல்லை. கிளச் இல்லை. வளைவில் விறகுக் கட்டோடு வரும் பொம்பளைகள் இல்லை. எங்காவது மோதினால் கார் இரண்டு கரணம் போடும், கொஞ்சம் மினுங்கும், அப்புறம் எதுவும் நடக்காத மாதிரி ரோட்டு நடுவில் வந்து நிற்கும். இந்தப் பழக்கம் ஆளைக் கெடுத்துவிடும். அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

கைப்பிடி ஒன்றுதான் என்பதால் மாறி மாறி ஆடுவோம்; என் வீட்டுக்காரி டெனிஸில் என்னை நாய் பாடு படுத்துவாள். குவைத்தில் மேடம் வீட்டார் வெளியே போன நேரங்களில் தனியாக ஆடிப் பழகியிருக்கிறாள். காரும் என்னைவிட நன்றாகவே ஓட்டினாள். சோறு வடித்துவிட்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள் என்றால் ஒரு தடவை கூட மோதமாட்டாள்.

"தொரைகிட்ட எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்பாள். "நான் ட்ரெக்டர் ஓட்டுறேன். நீங்க குவைத்துக்குப் போங்க. சட்டி கழுவத் தெரியுந்தானே?"

சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனால் குவைத் என்ற சொல் வந்ததும் கைப்பிடியை வாங்கி மறுபடி முதலிலிருந்து ஓட்டுவேன்.

சரஸ்வதி பூசை வந்தது. அன்றைக்குத் தோட்டத்தில் தொழில் செய்கிற சாமான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். வெட்டுக் கத்தி, வாளி, மம்பட்டி, தையல் மெசின் எல்லாம் கழுவி வரிசையாக உட்காரும். ஸ்டோரில் மெசின்களைக் காக்கும் ரோதைமுனிக்குப் படையல். ட்ரெக்டருக்கு மாலை போட்டுச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். நான் என் வெட்டுக் கத்திக்குப் பொட்டு வைத்தேன். வைத்த பிறகு ஒரு ஞானம் வந்தது. இந்தக் கத்தி விடப்போகிற தொழில். பிடிக்கப்போகிற தொழிலுக்கு ஆயுதம் எது?

கேம் கைப்பிடியைத் தூக்கிக் கத்திக்குப் பக்கத்தில் வைத்துச் சந்தனத்தைக் குழைத்து அப்பினேன்.

"கொஞ்சமா வைங்க, அது என்னா அம்மிக்கல்லா?" என்றாள் வீட்டுக்காரி.

கொஞ்சமாக வைத்தால் கொஞ்சமாகத்தானே வேலை கிடைக்கும் என்று நான் தாராளமாகவே வைத்தேன். அம்புக்குறி மேல் ஒன்று, பட்டன்கள் மேல் ஒன்று, நடுவில் குங்குமம்.

பூசை முடிந்த பிறகு வந்த முதல் மழைக் காலையிலேயே காரில் ஒரு மாற்றம் தெரிந்தது. தானாக இடப்பக்கம் இழுத்தது. விட்டால் ரோட்டை விட்டு இறங்கிப் போய்க் கரணம் போட்டது. சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து, இடப்பக்கத்துப் பட்டனை அமுக்கிய மாதிரியே பிடித்துக்கொண்டிருந்தது. கைப்பிடியைத் திறந்து பார்த்து இதை நான் கண்டுபிடித்தது எல்லாம் முடிந்த பிறகு. அப்போது நான் நினைத்தது வேறு. நன்றாக ஓட்டுகிறவனுக்குக் கேம் தானாகவே கஷ்டமாக மாறும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். சரி, நம்மை மேல்வகுப்பில் போட்டுவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். அவள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "என்னமோ கெட்டுப்போச்சுங்க இது" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சில வாரம் மேல்வகுப்பில் படித்தேன். வலப்பக்கத்துப் பட்டனை டொக், டொக், டொக் என்று விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் கார் நேராகப் போகும். கை தானாகத் தட்டும் அளவுக்குப் பழகிவிட்டது. வாளி தூக்கிக்கொண்டு நடக்கும்போது கூட என் வலது கட்டைவிரல் சும்மா இருக்காது.

நிஜ வண்டியில் நான் ஏறியது அதற்குப் பிறகுதான். டவுனில் லேனர்ஸ் ஸ்கூல் வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் ஓட்டப் படிப்பித்தார். லைசனுக்கு ஓட்டிக் காட்டுகிற ட்ரயலுக்குத் திகதி ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. கிடைத்த பாடம் நாலைந்து. கிளச் எப்படியோ பிடிபட்டது. ஸ்டியரிங்தான் நானாவைப் படுத்தியது.

"தம்பி, என்னத்துக்கு சும்மா சும்மா வலப்பக்கம் வெட்டுறீங்க?"

"வண்டி இடப்பக்கம் இழுக்குமே நானா."

"எங்க இழுக்குது?"

"இழுக்கிறதுக்கு முந்தியே நான் பிடிச்சுடுறேன்."

நானா என்னைப் பார்த்தார். அதன் பிறகு பாதி நேரம் ஸ்டியரிங்கில் அவருடைய ஒரு கையும் இருந்தது. அந்தக் கையை நான் கணக்கில் எடுக்கவில்லை. வண்டி நேராகப் போகிறது, நான்தான் ஓட்டுகிறேன் என்று லயத்துக்கு வந்து சொன்னேன்.

இரத்தினபுரியில் ட்ரயல். வீட்டுக்காரி என் வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிக் கொடுத்தாள். "பயப்படாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அதுவரை பயம் இல்லை. அவள் கேலியும் பகிடியும் இல்லாமல் பேசியதும் பயம் வந்துவிட்டது.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த பரிசோதகர் மாத்தயா மெலிந்த மனுசன். முகத்தில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. எத்தனை பேரோடு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய் வந்திருப்பாரோ. "யமு" என்றார், போகலாம் என்று. போனேன். ஸ்டியரிங்கில் இப்போது நானாவின் கை இல்லை.

என் கை வேலையைத் தொடங்கியது. டொக், டொக், டொக். வேன் ரோட்டின் நடுக்கோட்டைத் தொட்டது, தாண்டியது. "வமட்ட!" என்றார் மாத்தயா, இடப்பக்கம் எடு என்று. எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த நேரத்தில் தமிழும் விளங்கவில்லை, சிங்களமும் விளங்கவில்லை. "வமட்ட, வமட்ட!" என்றார். மூளை இடப்பக்கம் என்றது. கை, அவசரம் என்றால் வலப்பக்கம்தான் என்று வாரக்கணக்கில் பழகிய கை, இன்னும் வேகமாக வலப்பக்கம் வெட்டியது.

வளைவில் பஸ் ஒன்று வந்தது. பெரிய பஸ், உண்மையான பஸ்.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் தனியாக நடக்கும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் முதுகு வேர்க்கிறது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டேன். கேமில் இனித் தப்ப முடியாது என்று தெரிந்ததும் கைப்பிடியை மடியில் போட்டுவிட்டுக் கார் கரணம் போடட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பேனே, அதே மாதிரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மினுங்குவதற்குக் காத்துக்கொண்டிருந்தேன் போல.

லேனர்ஸ் வேனில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மாத்தயா அதை மிதித்து, ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்து இடப்பக்கம் திருப்பினார். பஸ் எங்களை உரசுகிற மாதிரிப் போய் நின்றது. பஸ் டைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என் தாயாரைப் பற்றி விசாரித்தார். மாத்தயா கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாக, வீட்டுப் பிள்ளையிடம் சொல்கிற மாதிரி, "பஹின்ட புதா" என்றார். இறங்கு மகனே.

திரும்பிப் போகும்போது நானா ஓட்டினார்.

"ஒங்களுக்கு யாரு தம்பி இப்பிடிப் படிச்சுக் குடுத்த?"

சொன்னேன். மழைக் காலைகளையும் மேல்வகுப்பையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். பிறகு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்.

பஸ்ஸில் தோட்டத்துக்கு வரும்போது வீட்டுக்காரியிடம் சொல்வதற்கு நாலைந்து பகிடி தயார் பண்ணினேன். மாத்தயா பயந்ததில் அவருக்கே லைசனைப் பறித்துவிட்டார்கள் என்று ஒன்று. பஸ்காரன் என்னைப் பார்த்துச் சல்யூட் அடித்தான் என்று ஒன்று. லயத்துக்கு ஏறும்போது அவள் பைப்படியில் குடத்தோடு நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் முதலாவது பகிடியைச் சொன்னேன். சிரித்தாள். இரண்டாவதைச் சொன்னேன். அதற்கும் சிரித்தாள். பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "நாளைக்கு டவுனுக்குப் போனா ஏஜென்சிக்காரருக்கு ஒரு சொல்லு சொல்லிட்டு வாங்க" என்றாள்.

மூன்றாவது பகிடியை நான் சொல்லவில்லை.

மறு ட்ரயலுக்குக் கிடைத்த திகதி பொங்கல் கழிந்து வெகு நாளுக்குப் பிறகு. தொரை காத்திருக்கவில்லை. கீழ்ப் பிரிவில் ஏற்கெனவே லைசன் வைத்திருந்த ஒருவருக்கு ட்ரெக்டர் போனது. மாசியில் என் வீட்டுக்காரி குவைத்துக்குப் போனாள். அவளை எயாபோட்டுக்குக் கொண்டுபோன வேனில் நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் மழை இல்லை. பெரட்டுக்குப் போய், பால் வெட்டினேன்.