கோலம் போடும் மிஷின்

என் மாமா ஒரு மிஷின் செய்தார். அது தரையில் ஊர்ந்துபோய்க் கோலம் போடும். அதாவது, போடும் என்று அம்மா, பர்மாவில் நாங்கள் இருந்த தாமுவேயில், எங்கள் சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பொங்கலன்று காலையில் மனிதக் கை படாமல் எங்கள் வாசலில் கோலம் விழப்போகிறது, எல்லோரும் வந்து பாருங்கள் என்று குழாயடியில் குடத்தோடு நின்று அழைப்பும் விடுத்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் வெகுகாலம் தங்கியவளல்ல. ஆனால் கவலைப்படுவதற்கென்று ஒரு வகுப்பு வைத்திருந்தால் அதில் முதலாவதாக வந்திருப்பேன்.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். வீட்டு முன்னறையில் மேசை விசிறியும் கேசட் பிளேயரும் ரிப்பேர் செய்வதுதான் தொழில். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. மாவ்பி என்ற ஊரில் ஒரு பெண் இருக்கிறாள், பொங்கல் கழிந்ததும் போய்ப் பேசி முடித்துவிடலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா சரியென்றும் சொல்வதில்லை, வேண்டாமென்றும் சொல்வதில்லை. மிஷினை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்பார்.

பார்ப்பதற்கு அது பிஸ்கட் டப்பாவுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். பழைய கேசட் பிளேயர்களிலிருந்து கழற்றிய மோட்டார்கள், பக்கத்துக்கு ஒன்று. இரண்டும் ஓடினால் நேரே போகும். ஒன்று நின்றால் அந்தப் பக்கமாக வளையும். எப்போது நிற்க வேண்டும் என்று அதற்குச் சொல்வது, விளிம்பெல்லாம் மேடும் பள்ளமுமாக அறுத்த ஒரு மரத்தட்டு. தட்டு மெதுவாகச் சுற்றும். மேடு வந்து சுவிட்சை அழுத்தினால் மோட்டார் ஓடும், பள்ளம் வந்தால் நிற்கும். பின்னால் ஒரு புனல், அதில் கோலமாவு. எங்கள் பக்கத்துக் கரண்டை நம்ப முடியாது என்பதால் எல்லாம் டார்ச் பேட்டரியில் ஓடும்படி செய்திருந்தார்.

ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மார்கழி பிறந்த புதிதில், அம்மா கண்ணயர்ந்திருந்த ஒரு மதியம், அந்த மிஷின் முன்னறைத் தரையில் ஒரு முழுப் பூ போட்டுவிட்டது. நான் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். பிறகு பாதத்தால் மாவைத் தேய்த்து அழித்துவிட்டார். சாப்பிடும்போது, "அக்கா, ஒரு ரெசிஸ்டர் எரிஞ்சு போச்சு. நாளைக்குப் போய் வாங்கணும்" என்றார். நான் பார்த்த பிறகுதான் எரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

உதிரி சாமான் வாங்க மாமா விடிந்ததும் கிளம்பிவிடுவார். லீவு நாட்களில் நானும் ஒட்டிக்கொள்வேன். பஸ் பிடித்து ஆற்றோரம் போனால் படகுத்துறைக்குப் பக்கத்து நடைபாதையில் வரிசையாகக் கடைகள். தார்ப்பாய் விரித்து, அதன்மேல் வயர், பல்பு, பழைய ரேடியோவின் குடல்கள் எல்லாம் குவித்து வைத்திருப்பார்கள். மாமா வாங்குவது கடைசிக் கடையில் மட்டும்தான். அந்தக் கடைக்கார அக்கா பர்மாக்காரர். டாலாவிலிருந்து ஆற்றைக் கடந்து வருவார். குளிர்காலத்தில் பனி மூடினால் படகு தாமதமாகும். மாமா வெறும் நடைபாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பக்கத்துக் கடைகளெல்லாம் திறந்திருக்கும், அதே சாமான்தான் அங்கேயும் இருக்கும்.

"இங்கேயே வாங்கலாமே மாமா. காலெல்லாம் நடுங்குது."

"அங்க சரக்கு மட்டம். பேசாம நில்லு."

பர்மாக்காரர் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. நாளின் முதல் போணி நோட்டை வாங்கியதும் அதைக் கொண்டு கடையில் உள்ள சாமான்கள் எல்லாவற்றின் மேலும் தட்டுவார்கள், விற்பனை நன்றாக நடக்கட்டும் என்று. அந்த அக்கா மாமாவின் நோட்டால் வயர்ச்சுருளைத் தட்டி, பல்பு டப்பாவைத் தட்டி, சில நாள் விளையாட்டாக என் தலையிலும் தட்டுவார். "உங்க மாமா போணி பண்ணினா அன்னைக்குச் சாமான் நிக்காது, பறந்துடும்" என்று என்னிடம் பர்மியத்தில் சொல்வார். மாமாவுக்குக் காது சிவக்கும். வாங்கியதென்னவோ ஒரு திருகாணியாக இருக்கும். அதே போன்ற திருகாணி வீட்டில் ஒரு ஜாடி நிறைய இருந்தது. கேட்டதற்கு, அது வேறு அளவு என்றார். நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்குத்தான் கண்ணில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்து, அதற்கும் கொஞ்சம் கவலைப்பட்டேன்.

பொங்கல் நெருங்கியது. மிஷின் ஒவ்வொரு நாளும் ஒரு சாமான் குறைவாகவே இருந்தது. அம்மாவை ஊர் சிரிக்கப்போகிறது என்ற பயத்தில் ஒருநாள் அப்பாவிடம் அழுதுவிட்டேன்.

அப்பா துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தவர். காரியத்தில் இறங்கிவிட்டால் பாதியில் நிற்க மாட்டார். அடுத்த ஞாயிறு ஒரு சைக்காவில், பக்கத்தில் ஆள் உட்காரும் அந்தச் சைக்கிள் வண்டியில்தான், ஆளுக்குப் பதிலாக இரண்டு பெரிய பழைய பிரிண்டர்களை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஏதோ ஆபீஸில் கழித்துக் கட்டியதாம்.

"மச்சான்! மோட்டாரு, பல்சக்கரம், ஸ்பிரிங்கு, சுவிட்சு, இதுல இல்லாத சாமானே இல்ல. இனிமே நீ எங்கேயும் அலைய வேண்டியதில்ல."

மாமா அந்தப் பிரிண்டர்களை, ஒரு மாதம் தங்குவதற்கென்று பெட்டியோடு வந்து நிற்கும் விருந்தாளிகளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம் அத்தான்" என்றார். சொன்ன வாய்க்கும் முகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

"விடியக்காலைல பஸ்ஸுல தொங்குனதெல்லாம் போதும். வீட்ல உக்காந்து முடிடா" என்றாள் அம்மா.

முடித்தார். வேறு வழியில்லை. காலையில் அதே நேரத்துக்கு எழுந்து, முகம் கழுவி, சந்து முனையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து உட்காருவார். நான் நிம்மதியாகச் சாப்பிட ஆரம்பித்தேன்.

பொங்கலுக்கு முந்திய வாரம், ஒரு காலைப்பொழுது. வாசலில் நின்றிருந்தேன். பர்மாப் பெண்கள் பூசும் தனகா மரச்சாந்தைக் கன்னத்தில் பூசிய ஒருவர் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைக்கார அக்கா. கடை திறந்திருக்க வேண்டிய நேரம் அது. என்னைக் கண்டதும் வேகமாக வந்தார்.

"மாமாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்காரே! எங்க அப்பா எல்லாச் சாமானும் கொண்டாந்துட்டாரு. இனிமே உங்க கடைக்கு வரவே வேண்டாம்!"

எத்தனை பெருமையாகச் சொன்னேன். கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பிரிண்டர்களையும் காட்டினேன். அவர் "நல்லது, நல்லது" என்றார். கையில் கொண்டுவந்திருந்த சின்னப் பொட்டலத்தைத் திரும்பவும் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். முன்னறையில் மாமா திருப்புளியைப் பிடித்தபடி எழுந்து நின்றார்.

விசிறி ரிப்பேருக்கு யாரோ வந்திருப்பதாக நினைத்து அம்மா வெளியே வந்தாள். ஆள் கிடைத்தால் அம்மா விடுவாளா? மிஷினைத் தூக்கித் தரையில் வைத்து, "எப்படிப் போடுதுன்னு பாரும்மா" என்று தானே தட்டிவிட்டாள். டப்பா கொரகொரவென்று கிளம்பியது. வளைந்தது, திரும்பியது, ஓர் இதழ் போட்டது. அடுத்த இதழ். கோணல் இல்லை, அறுபடல் இல்லை. அக்கா கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"அழகா இருக்கு" என்றார். பிறகு மாமாவிடம், "அப்ப, முடிஞ்சிருச்சு. இல்லையா?" என்று கேட்டார்.

மாமா குனிந்து, பாதி இதழில் இருந்த மிஷினைத் தூக்கினார். சக்கரங்கள் காற்றில் சுற்றின, மாவெல்லாம் அவர் இடுப்பில் கட்டியிருந்த லோஞ்சியில் கொட்டியது. உள்ளே விரலை விட்டு ஒரு சுவிட்சை வயரோடு பிடுங்கி நீட்டினார்.

"முடியல. இந்த சுவிட்ச் சரியில்ல. வேற வேணும்."

"நல்லாத்தானே இருக்கு! இப்பத்தானே ஓடுச்சு!" என்று நான் கத்தினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

அக்கா அதை வாங்கிக் கட்டைவிரலால் அழுத்தினார். டிக் என்றது. மறுபடி அழுத்தினார். டிக்.

"ஆமா" என்றார். "ரொம்ப மோசமா இருக்கு. நாளைக்கு வாங்க. காலையிலேயே."

அம்மா மாமாவைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். மாவு கொட்டிய லோஞ்சியைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவளோ உள்ளே போய், விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கும் லப்பெத் தட்டை, ஊறவைத்த தேயிலையும் வறுத்த பூண்டும் எள்ளுமாக நிரப்பிக் கொண்டுவந்தாள். "உக்காரும்மா" என்றாள். அம்மாவுக்கு டிக் சத்தம் கேட்கவில்லை போலும். அன்று மாலை அப்பாவிடம், மாவ்பிக்கு இப்போது போக வேண்டாம், பாதை சரியில்லையாம் என்றும் சொன்னாள். எங்கள் வீட்டைச் சுற்றி எல்லாமே ஒரே நேரத்தில் பழுதாகிக்கொண்டிருந்தது எனக்குப் பெரும் கலக்கமாக இருந்தது.

பொங்கலன்று அம்மா குனிந்து தன் கையாலேயே கோலம் போட்டாள். சந்துப் பெண்கள் வந்து சூழ்ந்து நின்றார்கள்.

"என்னக்கா, மிஷின் போடும்னீங்க? அதுக்கும் இடுப்பு வலியா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் எந்தச் சிரிப்புக்காக மார்கழி முழுவதும் பயந்தேனோ, அதே சிரிப்பு.

"சுவிட்சு போயிருச்சு. மெதுவா ஆகட்டும்" என்றாள் அம்மா. அவள் முகத்தில் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. சர்க்கரைப் பொங்கல் வைத்த தூக்கு ஒன்றை மாமாவின் கையில் கொடுத்தாள். மாமா புது லோஞ்சி கட்டி, தலையை நனைத்து வாரியிருந்தார்.

"போய் வாங்கிட்டு வா. ஒண்ணு போதும்."

மாமா பஸ்ஸுக்கு நடந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கோலத்தைத் தாண்டிக் குதித்துச் சந்து முனைவரை ஓடினேன்.

"மாமா! ரெண்டா வாங்கிருங்க! ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்ல!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அம்மா சிரிப்பது கேட்டது. கோலமாவுக் கையோடு வாசலில் நின்று, கண்ணில் நீர் வர அப்படியே சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை சின்ன யோசனைகூடப் பெரியவர்களுக்குத் தோன்றவில்லையே என்று நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.