உயிரோடிருப்பவர்களுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

பஞ்சலிங்கம் காலையில் சைக்கிளில் ஒரு சுற்றுப் போய்வந்த பிறகுதான் தம் சைக்கிள் கடையைத் திறப்பார். மானிப்பாய்ச் சந்தியை அண்டிய சைக்கிள் திருத்தும் கடை ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு காலை நிலத்தில் ஊன்றி நின்று, "என்ன, இருக்கிறீரோ?" என்று கேட்பார். உயிரோடு இருக்கிறீரோ என்பதல்ல கேள்வி. சங்கத்தில் இருக்கிறீரோ என்பதுதான். "ஓம் அண்ணை" என்று பதில் வந்தால் காதில் செருகிய பென்சிலை எடுத்துக் கையிலிருக்கும் தாளில் ஒரு கோடு போடுவார். தமக்கும் ஒன்று சேர்த்து இருபது கோடு விழுந்தால்தான் அவருக்குத் தேத்தண்ணி இறங்கும்.

சைக்கிள் திருத்துவோர் சங்கத்துக்கு ஒன்பது வருடமாக அவர்தான் செயலாளர். தலைவர் என்றும் ஒருவர் உண்டு; மாலைக்குக் கழுத்தை நீட்டுவது அவர் வேலை. யுத்தத்தால் பெற்றோல் கண்ணில் படாத இந்த 1992இல் வைத்தியரும் மாப்பிள்ளையும் சைக்கிளில்தான் போகிறார்கள். சைக்கிளுக்கு ரியூப் ஒட்டும் சொலூசன் வேண்டும். அது அரசாங்கம் தடைசெய்த சாமான்; தப்பித்தவறி வருவதைக் கந்தோரில் அதிகாரிகள் சங்கங்களுக்குப் பங்கிட்டுத் தருவார்கள். இருபது பேருக்குக் குறைந்த சங்கத்துக்குப் பங்கு கிடையாது. பஞ்சலிங்கத்தின் சங்கத்தில் இருப்பது சரியாக இருபது பேர். ஒருவர் கழன்றால் மற்றப் பத்தொன்பது பேரும் ஈயோட்ட வேண்டியதுதான்.

போதாக்குறைக்கு அடுத்த சந்தியில் புதிய சங்கம் ஒன்று முளைத்து, சேருகிறவருக்கு ஒரு சவர்க்காரக் கட்டி என்று அறிவித்துவிட்டது. பனங்களி பூசி வேட்டி தோய்க்கிற காலத்தில் சவர்க்காரம் என்றால் முனிவருக்கும் மனம் அசையும். பஞ்சலிங்கம் முதலில் கலண்டர் தருவதாகச் சொன்னார். அச்சடிக்கக் கடதாசி இல்லை. கீரிமலைக்குச் சுற்றுலா என்றார். அங்கே ஆமி இருந்தது; போக வழியில்லை.

பிறகு ஒரு செத்தவீட்டில்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்த கண்ணீர் அஞ்சலியை வாசித்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் நின்றவரிடம், "உவர் இவ்வளவு நல்ல மனிசனெண்டு உவருக்கே தெரியாமல் போச்சுதே!" என்றார். உயிரோடிருக்கும்போதே வாசித்துக் காட்டினால் என்ன என்று பட்டது. வீட்டுக்கு வந்தவுடன் அங்கத்தவர் எல்லாருக்கும் கண்ணீர் அஞ்சலி எழுதத் தொடங்கிவிட்டார். ஆள் செத்த பிறகு அச்சடிப்பது. அதற்கு முன் வருடாந்தக் கூட்டத்தில் ஆளை எதிரில் இருத்தி உரக்க வாசிப்பது. சங்கத்தை விட்டுப் போனால் தாளைக் கிழிப்பது.

"உதென்ன அவலட்சணமான வேலை!" என்று மனைவி குணலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் வாசிகசாலையில் கூடிய கூட்டத்தில் ஒருவரும் கொட்டாவி விடவில்லை. 'செயின் பூட்டுவதில் சிங்கம்' என்ற வரியைக் கேட்ட ஆழ்வாப்பிள்ளை தம் பிரிவைத் தாங்கமாட்டாமல் தாமே விம்மினார். அதற்குப் பிறகு சவர்க்காரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஒருவரைத் தவிர. மறுநாள் காலையில் பஞ்சலிங்கம் சுற்றுக்குப் புறப்பட முன்னரே பேதுரு வாசல் படலையில் வந்து நின்றார்.

"அண்ணை, நான் மற்றச் சங்கத்துக்குப் போறன்."

"ஏன் பேதுரு? நேற்றுக் கை தட்டினீர்தானே?"

"எல்லாரும் தட்டினாங்கள், நானும் தட்டினன். வீட்டை போய் மனிசி யோசப்பினுக்குச் சொல்லேக்கைதான் விளங்கிச்சுது. நான் சிவபதம் அடைஞ்சனெண்டு எழுதியிருக்கிறியள்!"

பஞ்சலிங்கம் உள்ளே ஓடிப்போய்ப் பேதுருவின் தாளை எடுத்துவந்து பார்த்தார். மேல்வரியை ஒரே அச்சாக இருபது தாளிலும் எழுதிய வினை.

"மோட்ச வாசல் பூட்டின்ரை திறப்பு ஆற்றை கையிலை இருக்கு? எங்கடை புனித பேதுருவிட்டை. அவற்றை பேரை வைச்சுக்கொண்டு நான் கயிலாயத்துப் படலையைத் தட்டுறதே?"

"இரும், இரும். இப்பவே மாத்திறன்." நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்தார், எழுதினார். "'கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்.' சரியோ?"

"அது அமெரிக்கன் மிசன்காரர் எழுதுறது. நாங்கள் றோமன் கத்தோலிக்கர். 'நித்திய இளைப்பாற்றி' எண்டு போடுங்கோ."

போட்டார். பேதுரு தாளை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்தார். முகம் தெளியவில்லை.

"எல்லாருக்கும் ஒவ்வொரு கெட்டித்தனம் எழுதியிருக்கிறியள். எனக்கு வெறும் 'நல்ல மனிதர்'. ஒண்டும் தெரியாதவனைத்தானே நல்ல மனிதர் எண்டு சொல்லுறது? சைக்கிள் சில்லு நெளிஞ்சால் நான் நெளிவெடுக்கிற மாதிரி எடுக்க ஆர் இருக்கினம்?"

பஞ்சலிங்கம் பென்சிலைக் கடித்தார். "அது வந்து... அந்த வரியை வேறை ஒருத்தருக்கு எழுதியாச்சு, பேதுரு."

"ஆருக்கு?"

"அது சங்க ரகசியம். வேறை என்னவும் கேளும். 'பிறேக் கட்டை வேந்தன்' எண்டு போடட்டோ?"

"வேண்டாம். சவர்க்காரம் தாறவங்களிட்டையே போறன்."

பேதுரு சைக்கிளைத் திருப்பினார். பஞ்சலிங்கத்தின் கண்முன் பத்தொன்பது கோடுகளும் ஒட்டாத ரியூப்புகளும் வந்து போயின.

"நில்லும் காணும்!"

தாளைப் பறித்து, 'சில்லின் நெளிவு எடுப்பதில் குடாநாட்டிலேயே நிகரில்லாதவர்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். பேதுரு அதை இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் உரக்க வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். சங்கப் பதிவுப் புத்தகத்தைத் தாமாகவே கேட்டு வாங்கிக் கையெழுத்து வைத்து, இறந்தவருக்குப் பொருந்தாத வேகத்தில் மிதித்துக்கொண்டு போனார்.

பஞ்சலிங்கம் உள்ளே போய் றங்குப்பெட்டியைத் திறந்தார். தாள்களின் அடியிலிருந்து, கூட்டத்தில் வாசிக்காத ஒன்றை உருவினார். தலைப்பில் அவருடைய சொந்தப் பெயர். அதற்குக் கீழே அதே நெளிவெடுக்கும் வரி. அழிறப்பரை எடுத்து மெதுவாகத் தேய்த்தார். தூளை ஊதிவிட்டு, தாளை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எழுத்து இன்னும் மங்கலாகத் தெரிந்தது. குணலட்சுமி பார்க்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மீதியைத் தேய்க்காமலே அழிறப்பரைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.