ஊட்டியில் வேர்த்த நாள்

ஊட்டியில் யாருக்கும் அவ்வளவு சுலபமாக வேர்த்துவிடாது. சீசனுக்கு வருகிறவர்கள் மத்தியான வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள், அத்தோடு சரி. மார்க்கெட்டில் கேரட் மூட்டை தூக்குகிறவர்களை விட்டால், நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்கிற ஆளை அங்கே பார்ப்பது அபூர்வம். கோயம்புத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு மேலே போன எனக்கு ஆரம்பத்தில் அது பெரிய ஆச்சரியம். கல்யாணமான புதிதில், இனிமேல் முகத்துக்குப் பவுடர் போட்டால் அப்படியே நிற்கும் என்று என் அக்காவிடம் பெருமை அடித்திருக்கிறேன்.

என் கணவருக்கு பஜாரில் கம்பளிக் கடை. ஸ்வெட்டர், சால்வை, மப்ளர், குரங்குக் குல்லா. குளிர்தான் எங்கள் சோறு. ஆனால் அவரைப் போலக் குளிருக்கு நடுங்குகிற மனிதரை நான் பார்த்ததில்லை. கடையில் இருக்கிற சரக்கில் பாதி உங்கள் உடம்பில்தான் இருக்கிறது, வருகிறவர்களுக்கு எதை விற்பீர்கள் என்று கேலி செய்வேன். அவரும் விடமாட்டார். நான் விளம்பரத்துக்கு நிற்கிற பொம்மை என்பார்.

சர்க்கரை அவருக்கு நாற்பது வயதிலேயே வந்துவிட்டது. அதை அவர் நோயாகவே மதிக்கவில்லை. பஜாரில் சர்க்கரை இல்லாத முதலாளி யார் என்று கேட்பார். மாத்திரையை நினைத்தால் போடுவார், நினைக்காவிட்டால் இல்லை. யார் கடைக்கு வந்தாலும் டீ வரும், டீ வந்தால் கூடவே வர்க்கி பிஸ்கட்டும் வரும். நான் கத்திக் கத்தி என் தொண்டைதான் வறண்டது.

கடையில் மேஜைக்கு அடியில் ஓர் இரும்புச் சட்டியில் கரி கனன்றுகொண்டிருக்கும். கணப்பு. பஜாரில் வயசான கடைக்காரர்கள் பலரும் அப்படி வைத்திருப்பார்கள். கல்லாவில் உட்கார்ந்தபடியே பாதத்தைச் சூடு காட்டிக்கொள்ளலாம். ஒருநாள் ஸ்வெட்டர் வாங்க வந்தவர், "ஏனுங்க பாய், ஏதோ கருகுற வாசம் வருதுங்களே" என்றாராம். இவர் சரக்கைத்தான் முதலில் பார்த்திருக்கிறார். அப்புறம்தான் குனிந்திருக்கிறார். கருகிக்கொண்டிருந்தது அவருடைய காலுறை. கால் சட்டியின் விளிம்பில் எவ்வளவு நேரமாக இருந்ததோ, அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னார். சாக்ஸைக் கழற்றியபோது பெருவிரல் வெந்து வெள்ளையாக இருந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்து, வலியே இல்லை பார் என்று சந்தோஷப்பட்டார்.

அந்தப் புண் மழைக்காலம் முழுக்க ஆறவில்லை. கட்டு மாற்றுகிற டாக்டர், இத்தனை வருஷச் சர்க்கரைக்குக் கால் மரத்திருக்கிறது, ஒருதரம் கீழே போய் நெஞ்சையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். கீழே என்றால் எங்களுக்குக் கோயம்புத்தூர். காலில் சுட்டதற்கு நெஞ்சை எதற்குப் பார்ப்பது என்று இவர் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சிரித்தார், போகவில்லை. கீழே போகச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஆள் முடிந்த கணக்கு என்று பஜாரில் ஒரு பயம் உண்டு. சிரிப்பில் அந்தப் பயமும் இருந்தது.

உறைபனி விழுகிற மாதம் வந்தது. ஒரு மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மப்ளர் இல்லை, குல்லா இல்லை, ஸ்வெட்டர் நாற்காலியில் கிடந்தது. வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நெற்றி பளபளவென்று இருந்தது.

"ஏம்மா, இன்னைக்குக் குளிரே தெரியலை" என்றார்.

"என்னங்க, உங்களுக்குக் குளிர் விட்டுப் போச்சா?" என்றேன்.

பயம் தெளிந்து துள்ளுகிற பிள்ளைகளைத் திட்டுகிற வார்த்தை அது. இரண்டு பேரும் சிரித்தோம். அவ்வளவு வருஷம் நடுங்கிக்கொண்டே இருந்த மனிதருக்குக் குளிரவில்லை என்றால் அதைவிட நல்ல சேதி என்ன வேண்டும்? கட்டு மாற்றுகிற டாக்டர் கொடுத்த புது மாத்திரை உடம்பில் பிடித்துவிட்டது என்று அவர் சொன்னார். சாப்பாடு இறங்கவில்லை, கேஸ் என்று சொல்லி ஒரு சோடா குடித்தார். சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மாவிடம் இவருக்கு உடம்பு தேறி வருகிறது என்று சொன்னேன். இரவு தொழுகையில் அதற்காக நன்றியும் சொன்னேன்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு ஏறுகிற பாதையில் அவர் நின்று நின்று வர ஆரம்பித்தார். "ஏத்தம்னா மூச்சு வாங்கத்தான செய்யும்" என்பார். மலையில் இருக்கிறவர்களுக்கு இது நல்ல சாக்கு. எல்லா வீடும் ஏற்றத்தில், எல்லோருக்கும் மூச்சு வாங்குகிறது, யாருடைய மூச்சு எதனால் என்று யார் பார்ப்பது? நடுவில் என் அக்கா மகள் கல்யாணத்துக்குக் கீழே போனோம். மண்டபத்தில் சமதரையில் பந்திக்குப் பந்தி நன்றாகவே நடந்தார். பார்த்தாயா, எனக்கு ஒன்றும் இல்லை, ஊர்தான் செங்குத்தாக இருக்கிறது என்றார். நானும் பார்த்தேன். நன்றாகத்தான் நடந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் இரண்டு காலும் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். அப்போதுதான் கீழே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். என் மகளைவிடச் சின்னவளாக இருப்பாள். "இதுக்கு முன்னாடியே ஒரு அட்டாக் வந்துட்டுப் போயிருக்குதுங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். நெஞ்சு வலித்ததே இல்லை என்றோம். வலிக்காது, கால் நரம்பு மரத்த மாதிரி உள்ளேயும் மரத்திருக்கும் என்றாள். திடீரென்று சோர்வு, வாந்தி வருகிற மாதிரி, காரணமில்லாமல் வேர்வை, அப்படி ஏதாவது ஒரு நாள் நினைவிருக்கிறதா என்று கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தார்.

"ஊட்டியில எனக்கு ஒரே ஒரு நாள்தான் வேர்த்துச்சுங்க" என்றார்.

என் பக்கம் திரும்பவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அந்தச் சட்டையும், நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரும், நாங்கள் சிரித்த சிரிப்பும்தான் கண்ணில் நின்றன.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். கிருமி வந்தால் அடித்து விரட்டுவதற்கு உடம்பில் காவல் இருக்கிறது. சர்க்கரை வருஷக் கணக்கில் கூடிக் கிடந்தால் அந்தக் காவலுக்குப் புத்தி தடுமாறிவிடும். எதிரி இல்லாதபோதும் அது அடங்காது. ரத்தக் குழாயின் சுவரில் போய் உட்கார்ந்து சொந்த வீட்டையே அரிக்கும். கொழுப்புப் படிந்த இடம் அதில் புண்ணாகி ஒருநாள் வெடிக்கும், ரத்தம் உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளும். காலில் புண் ஆறாததும் நெஞ்சில் அடைத்ததும் ஒரே சர்க்கரையின் வேலை என்றாள். அதற்கு அழற்சி என்று பெயராம். அழல் என்றால் நெருப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கு நினைவு வந்தது. மேஜைக்கு அடியில் ஒன்று, அவருக்கு உள்ளே ஒன்று. கருகுகிற வாசம் வந்ததை யாரோ சொன்னதால் காலாவது தப்பியது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.

இதயத்தில் செத்துப்போன பகுதி இனி திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்கள். ஏற்றம் ஆகாது, கடுங்குளிரும் ஆகாது. அதனால் வீட்டைப் பூட்டினோம், கடையை அவருடைய தம்பி பார்த்துக்கொள்கிறார். கோயம்புத்தூரில் மகள் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. இந்த வீட்டில் ஸ்வெட்டர் பெட்டிக்குள் கிடக்கிறது. அவர் பனியனோடு, தோளில் துண்டோடு மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருக்கிறார். மாத்திரையை இப்போது நேரம் தவறாமல் தானே கேட்டு வாங்கிப் போடுகிறார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அடுத்த தடவையும் வலிக்காதுங்கம்மா. வேர்வையைப் பாத்துக்கங்க" என்றாள்.

பார்க்கத்தான் செய்கிறேன். இப்போது இங்கே சித்திரை வெயில். அடுப்படியில் மகளுக்கு வேர்க்கிறது. பால் ஊற்றுகிறவருக்கு வேர்க்கிறது. கரண்ட் போனால் வீடே நனைந்துவிடுகிறது. "ஏம்மா, வேர்க்குது" என்று அவர் சொல்கிறபோதெல்லாம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். எல்லோருக்கும்தானே அத்தா வேர்க்கிறது என்று மகள் உள்ளேயிருந்து அவருக்குப் பதில் சொல்கிறாள். நான் அவர் நெற்றியில் கை வைக்கிறேன். ஈரமாக இருக்கிறது. அது அவர் நெற்றியின் ஈரமா, என் உள்ளங்கையின் ஈரமா என்று எனக்குத் தெரிவதில்லை.