உடம்பு போட்ட பிள்ளை

சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போவது எங்கள் சந்தில் பெரிய விவகாரமாகிவிட்டது. பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், கையில் பை இல்லாமல் போய்க் காய்கூட வாங்காமல் திரும்புகிற பெண்ணை யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை என்று பக்கத்து வீட்டு மராத்திக்கார அக்கா சவிதா தாயி முடிவே கட்டிவிட்டார். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று என் அரைகுறை இந்தியில் விளக்கினேன். அவர் கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரியாகிவிடும் என்றார். மறுநாள் நெய் சொட்டச் சொட்ட ஒரு தட்டு பூரண் போளி வந்தது. பெரியவர்கள் சண்டையில் பிள்ளை ஏங்கிப் போகக் கூடாதாம். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். பவித்ராவுக்குப் பன்னிரண்டு வயது. எல்லாம் அவள் கழுத்தில்தான் தொடங்கியது. பின்கழுத்தில் கருப்பாக, தடிப்பாக ஒரு பட்டை. அழுக்கு என்றே நினைத்தோம். கடலை மாவு, எலுமிச்சை, பீர்க்கங்கூடு என்று தேய்த்ததில் பிள்ளை அழுததுதான் மிச்சம். திருநெல்வேலியிலிருந்து என் நாத்தனார் ஏதோ ஒரு பொடியை இடித்து அனுப்பினாள். அதற்கும் போகவில்லை என்று டாக்டரம்மாவிடம் போனோம். அவர் கழுத்தைப் பார்த்ததும் டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார். பிரஷர் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். சர்க்கரை எல்லைக்கு வந்திருந்தது. கொழுப்பும் பிரஷரும் வயதுக்கு அதிகம். மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்றார். கழுத்தில் இருப்பது தேய்த்தால் போகிற கருப்பு இல்லை, உடம்புக்குள் நடப்பதன் அடையாளம், இப்படியே விட்டால் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிடும் என்றார்.

என் வீட்டுக்காரருக்கு மளிகைக்கடை. வாசலில் சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். ஸ்கூல் விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் கடை. அவள் ஓடியாட இந்தச் சந்தில் இடம் ஏது? இனி பாக்கெட் கொடுக்காதீர்கள் என்றால் அவருக்குக் கோபம் வருகிறது.

"நம்ம கடையில நம்ம புள்ளைக்கே இல்லன்னு எப்பிடிட்டீ சொல்லுவேன்?"

ஊரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாங்கள் பம்பாயில் நன்றாக இருக்கிறோம் என்பதற்கு அவர்களிடம் உள்ள ஒரே அத்தாட்சி, போட்டோவில் தெரியும் இவள் கன்னம். இங்கே ஸ்கூலில் மோட்டி, குண்டச்சி என்று கூப்பிடுகிறார்கள். அங்கே, பிள்ளை நல்லா பூசினாப்புல இருக்கா என்று பூரித்துப் போகிறார்கள். இரண்டு பேரில் யார் மேல் அதிகம் எரிச்சல்படுவது என்று எனக்கே தெரியவில்லை.

கடைசியில் வழிக்கு வந்தது பவித்ராதான். "டெய்லி ஊசி போடணுமாம்மா?" என்று ஒருநாள் கேட்டாள். பார்த்துக்கொண்டால் வேண்டியதில்லை என்றேன். அதன்பிறகு நான் கூப்பிடும் முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். அப்பா நீட்டுகிற பாக்கெட்டை வாங்கித் திரும்பச் சரத்திலேயே மாட்டுவாள். மே மாதத்துக்குள் உடுப்பெல்லாம் தொளதொளத்துவிட்டது. டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் நாத்தனார் மகன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனோம். பவித்ராவுக்கென்று நாத்தனார் போன வருஷத்து அளவுக்கு மேலும் இரண்டு இஞ்ச் கூட்டிப் பட்டுப்பாவாடை தைத்து வைத்திருந்தாள். ஊக்கு குத்தியும் இடுப்பில் நிற்கவில்லை. நாத்தனாருக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்ன மைனி, புள்ளைய பட்டினி போட்டா வளக்கீய?"

டாக்டர், ரிப்போர்ட் எல்லாம் சொன்னேன். குழந்தைக்கு ஏது சர்க்கரை என்று காதிலேயே வாங்கவில்லை. பந்தியில் பாயச வாளியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். பவித்ரா இலையின் மேல் கையை விரித்துக்கொண்டாள்.

"பஸ் அத்த, போதும்," என்றாள், இந்தி கலந்து.

"அத்த கையால ஒரு கரண்டி. இதுகூட வேண்டாம்னா நீ எந்தூருப் புள்ளட்டீ?"

அத்தை கரண்டியோடு நின்றாள். எழுந்தால் நழுவிவிடும் என்று பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் இலையை மூடிக்கொண்டு, என் மகள் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.