உறைக்கிணற்றில் இறங்கியவள்

அந்த நாளில் கடல் என்றால் எனக்குத் திருச்செந்தூர்தான். வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய் முழங்காலளவு தண்ணீரில் நின்றுவிட்டு, அப்பா போதும் என்றதும் கரையேறிவிடுகிற கடல். அதனால், பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது, கோடை விடுமுறையில் கடலோரத்தில் முகாம் போட்டுத் தண்ணீரைப் பரிசோதிக்கப் போகிறோம் என்று எங்கள் பேராசிரியை சொன்னதும் முதல் ஆளாகக் கை தூக்கினேன். மீன்காரி தெருவுக்குள் வந்தாலே ஜன்னலைச் சாத்துகிற சைவக் குடும்பம் எங்களுடையது. அம்மா பருப்புப்பொடியும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் கட்டிக் கொடுத்து, மகளை வனவாசத்துக்கு அனுப்புகிற முகத்தோடு பஸ் ஏற்றிவிட்டாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. காயல்பட்டினத்துக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவ ஊர். விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தில் தங்கினோம். இருவர் இருவராக எங்களைப் பிரித்து, ஆற்றின் முகத்திலிருந்து கரையோரமாகத் தெற்கே ஒவ்வொரு இடத்தில் தண்ணீர் எடுக்கச் சொன்னார் பேராசிரியை. என்னோடு சேர்ந்தவள் விடுதியில் என் அறைத்தோழி. சாத்தான்குளம் பக்கத்துப் பெண். கழுவிக் கவிழ்த்த டம்ளரை மறுபடி கழுவிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள். அவளுக்கு வாய்க்கப்போகிற மாப்பிள்ளையைக் கல்யாணத்தன்று டெட்டாலில் முக்கி எடுத்துத்தான் மணவறையில் உட்காரவைப்பாள் என்று நான் சொல்லிச் சொல்லியே அவளை அழவைத்திருக்கிறேன்.

எங்கள் வேலை தண்ணீரில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறது என்று பார்ப்பது. மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து இரண்டு மருந்துகளை விட வேண்டும். பிராணவாயு இருந்தால் பாட்டிலுக்குள் பழுப்பு நிறத்தில் புகைபோல் ஒன்று இறங்கும். இல்லாவிட்டால் அந்தப் புகை வெள்ளையாக இருக்கும். இதில் ஒரு சங்கடம் உண்டு. பிடிக்கும்போது ஒரு காற்றுக்குமிழி உள்ளே போனாலும் கணக்கு பொய்யாகிவிடும். அதனால் அவள் கழுத்தளவு தண்ணீரில் நின்று, பாட்டிலை அடியிலேயே நிறைத்து, அடியிலேயே மூடி, கையை மட்டும் மேலே நீட்டுவாள். பக்கத்தில் கட்டிய வள்ளத்தில் நின்று நான் வாங்கி மருந்து விடுவேன். அவள் பார்த்ததைச் சொல்லுவாள், நிறம், வாடை, சூடு. கேட்டது சரிதானா என்று தெரிய நான் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இப்படியே ஒருவார காலம் போயிற்று.

ஆற்றின் முகத்தில் எடுத்த பாட்டில்கள் நல்ல பழுப்பாக இருந்தன. தெற்கே போகப் போக நிறம் வெளுத்தது. முதலில் கடுங்காப்பி, பிறகு பால் கூடிப்போன காப்பி. மாலையில் பள்ளிக்கூட ஜன்னல் கட்டையில் பாட்டில்களை வரிசையாக வைத்தால், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நிறம் சன்னமாகக் குறைந்துகொண்டே போகும். நான் அந்த ஜன்னல் பக்கம் தலைவைத்துப் படுப்பதை நிறுத்திவிட்டேன். பயமா என்று அவள் கேட்டாள். பயம்தான் என்றேன்.

நிறம் வெளுத்துக்கொண்டே போன அந்தத் திசையில் ஒரு இறால் பண்ணை இருந்தது. நோய் விழுந்து இறால் மொத்தமும் செத்த பிறகு முதலாளி போட்டது போட்டபடி போய்விட்டாராம். குளங்கள் வறண்டு வெடித்துக் கிடந்தன. கடல்தண்ணீரை உள்ளே கொண்டுவர ஒரு உறைக்கிணறு கட்டியிருந்தார்கள். கடலிலிருந்து குழாய் வழியாக அதில் தண்ணீர் வரும், அங்கிருந்து மோட்டார் இறைத்துக் குளத்துக்கு விடும். மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், கிணறு மட்டும் இருந்தது. பண்ணையின் கழிவு எதுவரை போகிறது என்று பார்க்க அந்தக் கிணற்றுத் தண்ணீரும் வேண்டும் என்றார் பேராசிரியை. வாளி போட்டு எடுத்தால் போதும் என்றும் சொன்னார்.

நாங்கள் போனபோது நல்ல உச்சிவெயில். கடற்கரையில் அந்த நேரத்துக்கும் காக்காய் கத்தும், நண்டு ஓடும், கருவாட்டுக்கு ஈ மொய்க்கும். பண்ணை வேலியைத் தாண்டியதும் அதெல்லாம் நின்றுவிட்டது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் என்ன குறைகிறது என்று எனக்குப் புரிந்தது. ஒரு ஈகூட இல்லை. தூரத்தில் கரைவலை இழுக்கிற ஆட்களின் குரல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. கிணற்றின் உட்பக்க விளிம்பில் ஓணான்கள் காய்ந்து ஒட்டிக் கிடந்தன. தலை எல்லாம் வெளியைப் பார்த்து இருந்தது. நான் அவளிடம் காட்டினேன். வெயிலில் செத்திருக்கும் என்றாள்.

இரண்டு ஆள் ஆழத்தில் தண்ணீர். காற்றே இல்லை, ஆனால் அது மெதுவாக ஒரு விரல் ஏறியது, ஒரு விரல் இறங்கியது. கடல் குழாய் வழியாகத் தள்ளுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பிடிக்கவில்லை. வாளியை விட்டோம். கறுத்த தண்ணீர், அழுகின முட்டை வாடை. மருந்து விட்டுப் பார்த்தால் லேசான பழுப்பு. எனக்கு அது போதும். அவளுக்குப் போதவில்லை.

"வாளியில மொண்டா காத்து கலந்துரும்ளா," என்றாள். "இது கிணத்துத் தண்ணி இல்ல. நாம கலக்குன தண்ணி."

மிஸ் வாளி போதும் என்றுதானே சொன்னார் என்றேன். மிஸ் இங்கே வந்து பார்த்தாரா என்று கேட்டாள். வெள்ளையாக வந்தால் வெள்ளை, பொய்ப் பழுப்பை எழுதிக்கொண்டு போக முடியாது என்று துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். கிணற்றுச் சுவரில் இரும்புப்படிகள் இருந்தன. வேறு யாராக இருந்தாலும் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு இறங்க மனசு வந்திருக்காது. ஒரு குமிழிக்குப் பயந்து இறங்கியவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அடியில் தண்ணீரை ஒட்டி ஒரு சிமெண்டுத் திட்டு. அதில் உட்கார்ந்து பாட்டிலை முக்கினாள்.

நிறம் கறுப்பு என்றாள். கறுப்பு என்றேன். வாடை, அழுகின முட்டை என்றாள். நானும் சொன்னேன். அடுத்து சூடு சொல்லுவாள் என்று காத்திருந்தேன். பிறகு, எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் குரல் வந்தது.

"வாடை இல்ல. போயிட்டு."

நான் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. மேலே நின்ற எனக்கே அந்த வாடை மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்குப் பக்கத்தில் மூக்கை வைத்திருக்கிறவளுக்கு எப்படி இல்லாமல் போகும்? கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தேன். உறையில் தலைசாய்த்து, கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு, வீட்டு முற்றத்தில் காற்று வாங்குகிறவள்போல் உட்கார்ந்திருந்தாள். மூடிய பாட்டில் மடியில் நிமிர்ந்து இருந்தது, கை அதைப் பிடித்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தது, ஆனால் நான் அங்கே நிற்பதாக அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை.

கத்திக்கொண்டே படியில் கால் வைத்தேன். இரண்டு படி இறங்கியதும் கண் எரிந்தது. மூன்றாவது படியில் என் கை என் கையாக இல்லை. யாரோ என் சடையைப் பிடித்து மேலே தூக்கினார்கள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் என் சத்தம் கேட்டு ஓடிவந்திருந்தார்கள். என்னைத் தூக்கிப் போட்டவர், தலையில் துண்டு கட்டிய நடுவயதுக்காரர், அடுத்த நொடியே படியில் கால் வைத்தார். அடுத்த இடத்துப் பிள்ளைகளோடு இருந்த பேராசிரியையும் அதற்குள் வந்துவிட்டார். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் ஓடிவந்ததை அன்றுதான் பார்த்தேன். மூச்சு வாங்க என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார், வாடை வந்ததா என்று. முதலில் வந்தது, அப்புறம் இல்லை என்கிறாள் என்றேன். அவர் முகம் செத்துப்போயிற்று. போய்ப் படிக்கு நேராகக் கிணற்று விளிம்பில் உட்கார்ந்து, துண்டு கட்டியவரின் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

"ஒருத்தரும் இறங்கக் கூடாது."

"என்ன டீச்சர் சொல்லுதீய? பிள்ள கண்ணு முன்னால சாவுது."

"மூக்கு செத்துப்போற அளவுக்குக் கிணத்துக்குள்ள விஷக்காத்து நிக்கி. இறங்குனா நீங்களும் அங்கனதான் கிடப்பீய. ஒருத்தர எடுக்க ஒருத்தரா எல்லாரும் கிடப்பீய. கயிறு கொண்டாங்க."

வள்ளத்தில் கிடக்கும் கயிற்றுக்கு ஒருவர் ஓடினார். அவர் போய் வருகிற வரைக்கும் பேராசிரியை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நான் அவரை இழுத்தேன், பிறாண்டினேன், கையைக் கடித்தேன். வாயில் உப்பும் ரத்தமும் கலந்து வந்தது. அந்த நேரத்தில் உலகத்தில் நான் அவரை வெறுத்த அளவுக்கு யாரையும் வெறுத்ததில்லை. அவர் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. கீழேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கயிற்றில் சுருக்குப் போட்டு இறக்கினார்கள். அது அவள் மடியில் போய் விழுந்தது. பிடி என்றார்கள். பேராசிரியை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். துண்டு கட்டியவர் பிடிச்சுக்கோ மக்கா, பிடிச்சுக்கோ என்று கெஞ்சினார். எல்லோருடைய குரலும் கிணற்றுக்குள் போய்க் குழம்பி, யாருடையது என்று தெரியாத ஒரு குரலாக மேலே வந்தது. அவள் கயிற்றைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீர் அவள் காலில் ஏறியது, இறங்கியது. தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. இவ்வளவு பேர் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், இவள் பாட்டிலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று நிஜமாகவே கோபம். தினமும் வெயிலில் நின்று சலித்துப்போய் அவளிடம் எப்படிக் கேட்பேனோ அந்தக் குரல்தான் வந்தது.

"பாட்டிலக் கொடுளா."

கை எழுந்தது. தலை நிமிரவில்லை, கண் திரும்பவில்லை, கை மட்டும் பைய எழுந்து, பாட்டிலோடு நேராக மேலே நீண்டு நின்றது. கூட இருந்த ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். துண்டு கட்டியவர் கயிற்றைச் சுண்டி எடுத்து, சுருக்கை அந்தக் கையில் மாட்டி, அக்குள் வரை இறக்கி, ஒரே இழுப்பாக இழுத்தார். பாட்டில் நழுவி உள்ளே விழுந்தது. ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு, உறைகளில் உரசிக்கொண்டு அவள் மேலே வந்தாள். தோள்மூட்டு விலகிய சத்தம் கேட்டது.

மணலில் கிடத்தியபோது உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. பேராசிரியை அவள் வாயில் வாய் வைத்து ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவள் இருமி, வாந்தியெடுத்து, மூச்சு விட்டாள். மீன் ஏற்றுகிற வேன் ஒன்றில் போட்டுத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அன்று சாயங்காலம் துண்டு கட்டியவர் ஒரு கோழியைக் கூடையில் வைத்து அந்தக் கிணற்றுக்குள் இறக்கிப் பார்த்தாராம். கூடை தண்ணீரைத் தொடுமுன்னே கோழியின் தலை தொங்கிவிட்டதாம். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து பேராசிரியையிடம் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, எனக்கு நாலு பிள்ளைங்க டீச்சர் என்றார். பேராசிரியை தலையை ஆட்டினார். அவர் கையில் நான் கடித்த இடத்தில் கட்டுப் போட்டிருந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவளைப் பார்க்க என்னை விட்டது அன்று மாலையில்தான். தோளைக் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். முகம் தெளிந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிணற்றடியில் நடந்ததையெல்லாம் கொட்டினேன், கோழிக் கதையையும் சொன்னேன். அத்தனை பேர் கூப்பிட்டும் அசையாதவள் நான் ஒரு அதட்டு அதட்டியதும் கையைத் தூக்கிவிட்டாளே, என் குரலுக்கு அவ்வளவு மதிப்பா என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. மேலே சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் கேட்டுச்சுளா," என்றாள். "மிஸ் கூப்பிட்டது, நீ அழுதது, எல்லாம். எனக்கு ஏறி வரணும்னே தோணல. அங்கன அவ்வளவு சுகமா இருந்துச்சு. நீதான் நச்சரிச்ச. பாட்டிலக் கொடுத்துட்டா நீ போயிருவன்னு நெனச்சேன்."

அவள் அதைக் குறையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பிவிட்டதைச் சொல்வதுபோல் சொன்னாள். நான் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன். அது சூடாகத்தான் இருந்தது.

பார்க்க வந்தவர்கள் கிளம்பலாம் என்று நர்ஸ் வந்து சொன்னார். நீ போயிட்டு வாளா, எனக்குத் தூக்கம் வருது என்றாள் அவள். போகமாட்டேன் என்றேன். நர்ஸ் மறுபடி வந்து சத்தம் போட்டார். நான் கையை விடவில்லை.