மூடாமல் விட்ட இணைப்புகள்

கல்லூரி முடித்த கையோடு வண்ணார்பேட்டையில் ஒரு வேன் சர்வீசுக்கு முன்பதிவுத் தளம் எழுதிக் கொடுத்தேன். விடுமுறை முடிந்து திருவனந்தபுரம் விமான நிலையம் போகிற வளைகுடாக்காரர்கள்தான் அங்கே வாடிக்கை. இருக்கை பதிவானதும் பயணிக்கு ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். அதற்காகப் பக்கம் காத்து நிற்கக் கூடாதே என்று அந்த வேலையைப் பின்னணியில் ஓட விட்டேன். எனக்கு ஒரே பெருமை.

ஒவ்வொரு செய்திக்கும் அது தரவுத்தளத்தோடு ஓர் இணைப்பைத் திறக்கும். செய்தி போனதும் கடைசி வரியில் மூடும். என் எண்ணை மட்டும் போட்டுச் சோதித்தேன். ஒழுங்காக மூடியது. பயணிகளில் பாதிப்பேர் துபாய் எண்ணைக் கொடுப்பார்கள் என்று தோன்றவே இல்லை. நான் பயன்படுத்திய குறுஞ்செய்திச் சேவையில் வெளிநாட்டு எண்ணுக்குச் செய்தி போகாது. பிழை வந்து நிரல் பாதியிலேயே நின்றுவிடும். மூடும் வரி வரை வராது. இப்படித் திறந்தே கிடந்தவை கூடிக்கொண்டே போயின. ஓர் அளவுக்கு மேல் தரவுத்தளம் யாருக்கும் இணைப்பு தராது.

ஒரு மதியம் அந்த அளவு நிரம்பியது. கவுண்டரில் பயணிகள் பட்டியல் திறக்கவில்லை. டிரைவர் முதலில் வந்தவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். பதிவு செய்திருந்த ஒருவர் பெட்டியோடு வாசலில் நின்று கத்தினார். அவரைத் தனிக் காரில் அனுப்பினார்கள்.

"என்னலே ஆச்சு ஒன் சைட்டுக்கு?" என்றார் முதலாளி அண்ணாச்சி.

அதற்குள் எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. "கவுண்டர்ல நெறைய விண்டோ தொறந்து வச்சா இப்படி ஆகும் அண்ணாச்சி" என்றேன். வாய் கூசவில்லை.

அவர் கவுண்டர் அக்காவிடம் திரும்பினார். "சீரியல் பாக்கவா ஒன்ன இங்கன உக்கார வச்சிருக்கேன்? நாளைலேருந்து பார்சல் கட்டப் போ!"

"ரெண்டுதான் தொறந்திருந்தேன் அண்ணாச்சி" என்று அக்கா சொன்னது அவர் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது.

பிழை வந்தாலும் வராவிட்டாலும் இணைப்பை மூடும்படி அன்றே திருத்தினேன். இரண்டு வரிதான். அதன்பின் தளம் ஒருநாளும் நிற்கவில்லை. அதுவே அக்காவுக்கு எதிரான சாட்சியாகிப் போனது. "பாத்தியாலே, ஆள மாத்துனதும் சரியாயிட்டு!" என்று அண்ணாச்சி என் முதுகில் தட்டினார்.

ஒருநாள் பார்சல் அறையைத் தாண்டும்போது அக்கா கூப்பிட்டார். "தம்பி, ரெண்டு விண்டோகூடவா தாங்காது அது?" குத்தலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தாங்கும்க்கா. தப்பு எம்மேலதான்."

"இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? அங்கன போய்ச் சொல்லு."

சொன்னேன். அண்ணாச்சி சிரித்தார். "அவ பாவம்னு பொய் சொல்லுதியாலே?"

மடிக்கணினியில் இணைப்புகளின் அளவைப் பத்தாகக் குறைத்துவைத்துப் பழைய நிரலை ஓட்டி, அவர் கையாலேயே துபாய் எண்களைப் பதிய வைத்தேன். பதினோராவது பதிவில் பக்கம் அசையாமல் நின்றது. வேறு ஒரு விண்டோகூடத் திறந்திருக்கவில்லை.

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா" என்றார், பைய. பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா கவுண்டருக்குத் திரும்பிவிட்டார். பட்டியலில் ஏதாவது சந்தேகம் வந்தால் முன்பு என்னிடமே கேட்பார்; இப்போது அண்ணாச்சியிடம் சொல்கிறார். அண்ணாச்சி எனக்குப் போன் செய்கிறார்.